லீட் கிட்டார்: இறங்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் வீட்டு முன்கூடத்திற்குக் கிட்டாரோடு வரும் இளைஞர்களில் பெரும்பாலோர் கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளை) தடுமாறாமல் மாற்றத் தெரிந்தவர்கள்; கோயில் பஜனையிலும் நண்பர்களின் திருமண விருந்திலும் பாடகருக்குப் பின்னால் நின்று வாசித்தவர்கள். அவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றையே: பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்கு முன் பாடகர் ஓய்வெடுக்கும் அந்த எட்டு பாரில் (ஒரு பார் என்பது நான்கு தட்டு), மனப்பாடம் செய்துவைத்ததை விட்டு, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்க என்ன செய்ய வேண்டும்? இப்போது தெரிந்ததை வாசித்துக் காட்டுங்கள் என்றால், ஐந்தாம் ஃப்ரெட்டில் கையை வைத்து ஸ்கேலை, அதாவது ஸ்வர வரிசையை, மேலும் கீழுமாக ஓட்டுவார்கள். ஒரு ஸ்வரமும் பிசகாது. ஆனால் வாசித்ததில் ஒரு துண்டையாவது பாடிக் காட்டச் சொன்னால், வாசித்தவருக்கே அது நினைவிருக்காது.

விரல்களில் குறையில்லை. எங்கே முடிப்பது என்று தீர்மானிக்காமலேயே தொடங்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். என் தகப்பனார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், மரப்பட்டையில் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் சரிவுக்கோட்டை அவர் சீவிக்கொண்டு போவார். கோடு தாழ்ந்து முடியும் இடத்தில் சிறு தகரமும், அதன் அடியில் பால் சேரும் மங்கு என்னும் கிண்ணமும் இருக்கும். சீவல் எத்தனை சீராக இருந்தாலும் பால் மங்கில் விழாவிட்டால் அன்றைய கணக்கில் அந்த மரம் இல்லை. பாட்டுக்கு நடுவே கிட்டார் தனித்து வரும் லீட் வாசிப்பிலும் நான் முதலில் பார்ப்பது அந்த மங்கைத்தான்: கார்டு மாறும் இடத்தில் உங்கள் விரல் எந்த ஸ்வரத்தில் வந்து நிற்கிறது என்பதை. ஆகவே இங்கே ஸ்கேலைப் பற்றிக் கொஞ்சமும், இறங்கும் இடத்தைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தால் நல்லது. தந்தி செட் 0.009 அங்குலத்தில் தொடங்குவதாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் பின்னால் தந்தியை இழுத்து ஸ்வரத்தை உயர்த்தப் பழகும்போது விரல்நுனி அதிகம் வலிக்காது. அக்கூஸ்டிக் கிட்டாரிலும் இதையெல்லாம் கற்கலாம். ஆனால் அதில் மூன்றாம் தந்தி பெரும்பாலும் கம்பி சுற்றியதாக இருப்பதால், இழுக்கும் பயிற்சியை மட்டும் இரண்டாம் தந்தியில் செய்துகொள்ளுங்கள். நம் ஊர் ஈரக்காற்றும் கைவியர்வையும் சேர்ந்து தந்தியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் அடியும் துடைத்துவிடுவது, ஈப்போவுக்குப் போகும்போது ஒரு செட் தந்தி கூடுதலாக வாங்கி வைப்பது ஆகிய இரண்டும் பழக்கமாகிவிட்டால் பாதி எரிச்சல் குறையும்.

அடுத்து, உங்களுக்கு நீங்களே பின்னணி வாசித்துக்கொள்ள வேண்டும். மெட்ரோனோமை நிமிடத்திற்கு 60 தட்டுகளில் வைத்து, ஏ மைனர், எஃப், சி, ஜி என்ற நான்கு கார்டுகளை, ஒவ்வொன்றுக்கும் நான்கு தட்டுகள் வீதம், ஐந்து நிமிடம் வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஒரு பாருக்கு 4 வினாடி, ஒரு சுற்றுக்கு 16 வினாடி. இணையத்தில் ஆயத்தப் பேக்கிங் ட்ராக்குகள் ஏராளமாகக் கிடைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் தானே வாசித்த கார்டுகள் எப்போது மாறும் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்கும், அந்த அறிவு பின்னால் பெரிதும் உதவும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் இப்போதைக்கு வேண்டாம். அது நீளாத ஸ்வரத்தை நீட்டிக் காட்டி, சரியாக அழுத்தாத விரலை மறைத்துவிடும்.

ஆறு இடங்கள், அதற்கு மேல் வேண்டாம்

ஏ மைனர் பென்டடோனிக் என்னும் ஐந்து ஸ்வர ஸ்கேலில் ஏ, சி, டி, ஈ, ஜி ஆகியவை இருக்கின்றன. ஐந்தாம் ஃப்ரெட்டை ஒட்டி ஆறு தந்திகளிலும் அதன் வடிவம் பரவியிருக்கிறது. உங்களில் பலருக்கு அது தெரிந்திருக்கும். அதில் கீழ்க்குரல் தந்திகள் மூன்றையும் முதல் இரண்டு வாரங்களுக்கு மறந்துவிடுங்கள். மிக மெல்லியதே முதல் தந்தி. மூன்றாம் தந்தியில் 5, 7-ஆம் ஃப்ரெட்டுகள். இரண்டாம் தந்தியில் 5, 8. முதல் தந்தியில் 5, 8. இந்த ஆறு இடங்கள் போதும். வரிசையாக மீட்டினால் சி, டி, ஈ, ஜி, ஏ, மேல் சி என்று ஒலிக்கும்.

கோயில் தேவார வகுப்பிலோ பாட்டு வகுப்பிலோ உட்கார்ந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. சி-யை ஷட்ஜமாக வைத்து அந்த ஆறையும் பாடினால் அது ச ரி க ப த ச, அதாவது மோகனம். ஏ-யை ஷட்ஜமாக வைத்து அதே ஸ்வரங்களைப் பாடினால் அது சுத்த தன்யாசி. விரல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அடியில் ஒலிக்கும் கார்டு மாறும்போது காதுக்கு ஆதாரம் மாறி, மகிழ்ச்சியான ஒன்று ஏக்கமான இன்னொன்றாகிறது. இதற்கு நம் சங்கீதத்தில் கிரகபேதம் என்று பெயர். ராகம் என்பது வெறும் ஸ்வர வரிசையன்று, அதன் கமகங்களும் பிடிகளும் சேர்ந்ததே ராகம் என்று பாட்டு ஆசிரியர்கள் கண்டிப்பார்கள். அவர்கள் சொல்வது சரி. இருந்தாலும் முதல் நாளில் காதைத் தயார்செய்ய இந்த ஒப்புமை போதும். பதிவை ஓடவிட்டு, கிட்டாரைத் தொடாமல், அந்த ஐந்து ஸ்வரங்களை மட்டும் பத்து நிமிடம் முணுமுணுத்துப் பாருங்கள். ஏ மைனர் ஒலிக்கும்போது குரல் எங்கே சாய்கிறது, சி ஒலிக்கும்போது எங்கே சாய்கிறது என்பதைக் கவனித்தால், நான் அடுத்துச் சொல்லப்போவதைப் பாதி நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

இறங்கும் ஸ்வரம்

இந்த நான்கு கார்டுகளில் ஒவ்வொன்றும் மூன்று ஸ்வரங்களால் ஆனது. ஏ மைனரில் ஏ, சி, ஈ. எஃபில் எஃப், ஏ, சி. சி-யில் சி, ஈ, ஜி. ஜி-யில் ஜி, பி, டி. கார்டு ஒலிக்கத் தொடங்கும் முதல் தட்டில் உங்கள் விரல் அந்தக் கார்டின் சொந்த ஸ்வரம் ஒன்றில் இருந்தால், கேட்பவர் மனத்தில் 'வந்து சேர்ந்துவிட்டோம்' என்ற நிறைவு பிறக்கும். வேறு ஸ்வரத்தில் இருந்தால் அது தவறாகிவிடாது. ஏதோ இன்னும் பாக்கி இருப்பதாகத் தோன்றும். எஃப் கார்டின்மேல் ஜி-யில் நின்று பாருங்கள்: யாரோ கதவைத் தட்டிவிட்டு உள்ளே வராமல் நிற்பது போலிருக்கும். இந்தப் பாக்கியை வேண்டுமென்றே வைக்கத் தெரிந்தவர் நல்ல வாசிப்பாளர். தெரியாமல் வைப்பவரின் வாசிப்பில் முடிவே இருக்காது.

இப்போது பதிவை ஓடவிட்டு இதைச் செய்யுங்கள். ஏ மைனர் தொடங்கும்போது இரண்டாம் தந்தி 5-ஆம் ஃப்ரெட், அதாவது ஈ. எஃபுக்கு அதே தந்தியில் 6-ஆம் ஃப்ரெட், எஃப். சி-க்கு மீண்டும் 5-ஆம் ஃப்ரெட், ஈ. ஜி-க்கு மூன்றாம் தந்தி 7-ஆம் ஃப்ரெட், டி. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே ஒரு ஸ்வரம். முதல் தட்டில் மீட்டி, நான்கு தட்டும் நீளவிடுங்கள். ஈ, எஃப், ஈ, டி. கையில் அசைவே இல்லை என்று சொல்லலாம், ஆனால் அந்த நான்கு ஸ்வரங்களிலேயே ஒரு மெட்டின் எலும்பு தெரியும். எஃப் என்ற ஸ்வரம் நாம் எடுத்துக்கொண்ட ஐந்தில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதனால்தான் அது வந்து விழும்போது காது சட்டென்று நிமிர்கிறது. ஸ்கேல் வடிவத்தை மட்டும் நம்பி ஓடுபவர்களின் வாசிப்பில் அந்தக் கணம் வருவதேயில்லை.

இதைச் சலிக்கச் சலிக்க வாசியுங்கள். பத்து நிமிடம் கழித்து, இறங்கும் ஸ்வரத்திற்கு முன் இரண்டே ஸ்வரங்களைச் சேருங்கள். ஏ மைனரின் நான்காம் தட்டில் மூன்றாம் தந்தி 7, அடுத்த அரைத் தட்டில் இரண்டாம் தந்தி 5, பிறகு எஃபின் முதல் தட்டில் 6. டி, ஈ, எஃப் என்று படியேறி வந்து நிற்கிறீர்கள். மற்ற மூன்று மாற்றங்களுக்கும் இதே போல் இரண்டு ஸ்வர வழியை நீங்களே கண்டுபிடியுங்கள். மேலிருந்து கீழிறங்கியும் வரலாம், அதே ஸ்வரத்தை இரண்டு முறை தட்டிவிட்டும் வரலாம். இரண்டு ஸ்வரம் பழகியபின் நான்கு. நான்கு பழகியபின் ஒரு பார் முழுவதும். இவ்வாறு பின்னோக்கி வளர்ப்பதால், எத்தனை ஸ்வரம் சேர்த்தாலும் முடியும் இடம் மாறாது. பெரும்பாலானவர்கள் முன்னோக்கி வளர்க்கிறார்கள். தொடக்கம் பிரமாதமாக இருக்கும், முடிவு எங்காவது சந்தில் கிடக்கும்.

நான்கு இறங்குமிடங்களும் கைக்குப் பழகியதும் வேறு நான்கைத் தேர்ந்தெடுங்கள். ஏ மைனருக்கு மூன்றாம் தந்தி 5-இல் உள்ள சி, எஃபுக்கு முதல் தந்தி 5-இல் உள்ள ஏ, சி-க்கு இரண்டாம் தந்தி 8-இல் உள்ள ஜி, ஜி-க்கு முதல் தந்தி 7-இல் உள்ள பி என்று ஒரு வழி. ஜி கார்டின்மேல் அந்த பி-யைத் தொட்டுவிட்டு அடுத்த சுற்றின் ஏ மைனருக்கு மேல் சி-யில் இறங்கினால், பி-க்கும் சி-க்கும் இடையே ஒரே ஃப்ரெட் தூரம் இருப்பதால், சுற்று முடிந்து மறுபடி தொடங்கியதைச் சிறு பிள்ளையும் உணரும்.

இதை நான் வீட்டில் உட்கார்ந்து கற்கவில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு திருமண மண்டபத்தில் எனக்கு எட்டு பார் கொடுத்தார்கள். தெரிந்த வேகத்தையெல்லாம் கொட்டினேன். எட்டாம் பார் முடிந்து பாடகி சரணத்தை எடுத்த பிறகும் என் விரல்கள் பத்தாம் ஃப்ரெட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. நிகழ்ச்சி முடிந்ததும் கீபோர்டு வாசித்த அண்ணன், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "தம்பி, பஸ் ஸ்டாப்பு போயி ரொம்ப நேரமாச்சி, நீ இன்னும் எறங்கலையே" என்றார். கோபம் வந்தது, வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவர் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று விளங்கியது. அதற்கடுத்த ஆறு மாதம் நான் வாசித்ததெல்லாம் மேலே சொன்ன இறங்குமிடப் பயிற்சிதான்.

முதலில் பாடு, பிறகு மீட்டு

விரல்களுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை, அதுதான் தொல்லை. நாகஸ்வரக்காரரும் பாடகரும் மூச்சு வாங்கியே ஆக வேண்டியிருப்பதால் அவர்களின் வாசிப்பில் இயல்பாகவே இடைவெளி விழுகிறது. கிட்டாரில் அந்த இடைவெளியை நாமே வைக்க வேண்டும். ஒரு மூச்சில் அடங்கும் சிறு பிடியை, அதாவது ஸ்வரத் துண்டை, பாடுங்கள். கிட்டாரில் தேடி எடுங்கள். மூச்சு வாங்கும் நேரத்திற்குக் கையைத் தந்தியிலிருந்து எடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் பாடிய ஸ்வரத்தைக் கண்டுபிடிக்க மூன்று நான்கு முறை தடவ வேண்டியிருக்கும். ஆறு இடங்களுக்குள் மட்டும் தேடுவதால் சில வாரங்களில் தடவல் நின்றுவிடும். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. என் குரலைக் கேட்டு எங்கள் வீட்டு நாய் எழுந்து போய்விடும்.

பிடி ஒன்று கிடைத்தவுடன் அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நம் கச்சேரிகளில் நிரவல் பாடுபவர் ஒரே வரியை எடுத்துக்கொண்டு, சொற்கள் தாளத்தில் விழும் இடம் பெரிதும் பிசகாமல், மெட்டை மட்டும் மாற்றி மாற்றிக் கால் மணி நேரம் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். கற்பனை ஸ்வரம் பாடுபவர் எத்தனை தூரம் போனாலும் எடுப்புக்குத் திரும்பி வருவார். மனோதர்மம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தத் திரும்பி வருதல்தான். அதைக் கிட்டாருக்குக் கொண்டுவர எளிய வழி: முதல் இரண்டு பாருக்கு ஒரு பிடி; அடுத்த இரண்டு பாரில் அதே பிடியின் தொடக்கத்தை அப்படியே வைத்து முடிவை மட்டும் மாற்றுங்கள். முதலாவது பாக்கி வைத்து நிற்கட்டும், இரண்டாவது கார்டின் ஸ்வரத்தில் இறங்கட்டும். கேள்வியும் பதிலும் ஆகிவிட்டது.

இந்தக் கேள்வி பதில் முறை லீட் கிட்டாருக்கு வந்த வழியைத் தெரிந்துகொண்டால் நம் ஊர்க்காரர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ப்ளூஸ் இசை வேர் பிடித்த முக்கிய இடங்களில் ஒன்று அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டா. அங்கே பருத்தித் தோட்டங்களில் வேலை செய்த கறுப்பின மக்களின் வயல்பாட்டும் தேவாலயப் பாட்டும் அதற்குள் போயின. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பதில் சொல்லும் பாட்டு அது; நம் தோட்டத்து லயன் வீடுகளில் கும்மியும் ஒப்பாரியும் நடந்த விதம்தான். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ், நாட்டார் பாடல்களைத் தேடிப் பதிவு செய்த ஆலன் லோமாக்ஸ் 1941-இல் தம்மை முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தபோது, ஸ்டோவால் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். 1925-இல் பிறந்த ப்ளூஸ் கிட்டார்க்காரர் பி. பி. கிங்கும் பருத்தித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, டிராக்டர் ஓட்டியவர். மேடையில் அவர் பாடும்போது கிட்டார் பெரும்பாலும் பேசாது. வரி முடிந்ததும் கிட்டார் பதில் சொல்லும்.

12 பார் ப்ளூஸ் அந்த முறைக்கென்றே செய்து வைத்தது போன்றது. ஏ-யில் அதைப் பழக, முதல் நான்கு பார் ஏ7, அடுத்த இரண்டு டி7, மீண்டும் இரண்டு ஏ7, ஒன்பதாம் பார் ஈ7, பத்தாம் பார் டி7, கடைசி இரண்டும் ஏ7. நான்கு நான்காகப் பிரித்தால் மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் பாட்டு ஏறத்தாழ இரண்டு பாரை எடுத்துக்கொள்ள, மீதி இரண்டு பார் கிட்டாருக்கு. நீங்களே ஏதாவது இரண்டு தமிழ் வரிகளைப் புனைந்து, முதல் வரியை இரண்டு முறையும் இரண்டாம் வரியை ஒரு முறையும் பாடி, ஒவ்வொன்றுக்கும் கிட்டாரில் பதில் சொல்லிப் பாருங்கள். சம்பளம் போதாததைப் பற்றிப் பாடினால் எதுகை தானாக வரும். இங்கே மூன்றாம் தந்தி 8-ஆம் ஃப்ரெட்டில் ஒரு கூடுதல் ஸ்வரம் உண்டு, ஈ-க்கு அரை ஸ்வரம் தாழ்ந்தது. ப்ளூஸின் கசப்பு அதில்தான் இருக்கிறது. அதன்மேல் நிற்காமல் 7-லிருந்து 8 வழியாக இரண்டாம் தந்தி 5-க்கு வழுக்கிப் போங்கள்.

தந்தியை இழுப்பது

ஒரு ஸ்வரத்தை இழுத்து அடுத்த ஸ்வரத்திற்குக் கொண்டுபோவதில்தான் கிட்டார் குரலுக்கு அருகில் வருகிறது. பாதி தூரம் போய் நின்றுவிட்ட இழுப்பைப் போல் காதை உறுத்துவதும் வேறொன்றில்லை. நான் இங்கே வரும் எல்லாரையும் முதலில் ஓர் இடத்தில் மட்டுமே இழுக்கச் சொல்வேன்: மூன்றாம் தந்தி 7-ஆம் ஃப்ரெட். மோதிர விரலை அங்கே வைத்து, நடுவிரலையும் ஆட்காட்டி விரலையும் அதே தந்தியில் பின்னால் துணைக்கு வையுங்கள். கட்டை விரல் கிட்டார் கழுத்தின் மேல் விளிம்பைத் தாண்டிப் பற்றியிருக்க வேண்டும். தள்ளுவது விரல்கள் என்று நினைத்தால் இரண்டு நாளில் நுனி வீங்கிவிடும். பூட்டில் சாவியைத் திருப்புவது போல் மணிக்கட்டைத் திருப்புங்கள், மூன்று விரல்களும் சேர்ந்து தந்தியைக் கூரைப் பக்கமாகக் கொண்டுபோகும்.

டி-யாக இருந்தது ஈ ஆக வேண்டும். ஆகிவிட்டதா என்று சோதிக்க, இரண்டாம் தந்தி 5-ஆம் ஃப்ரெட்டில் அசல் ஈ இருக்கிறது; சோதிக்கும்போது மட்டும் ஆட்காட்டி விரலை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு தந்திகளையும் ஒன்றாக மீட்டி, மூன்றாம் தந்தியை மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். ஸ்வரங்கள் நெருங்க நெருங்க 'வும்... வும்... வும்' என்று ஓர் அலை கேட்கும். அலை வேகம் குறைந்து, நீண்டு, ஒரு கணத்தில் முற்றிலும் அடங்கி, இரண்டு தந்தியும் ஒரே தந்தி போல் ஒலிக்கும். அந்த இடம்தான். தாண்டிப் போனால் அலை மறுபடி கிளம்பும். நாளைக்குப் பத்து இழுப்பு போதும், ஒவ்வொன்றையும் இவ்வாறு சரிபார்த்து. இரண்டு வாரத்தில் துணைத்தந்தி இல்லாமலேயே காது இடத்தைச் சொல்லிவிடும்.

வைப்ராட்டோவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன்: இறங்கிய ஸ்வரத்தை உடனே ஆட்டாதீர்கள். ஒரு தட்டு நேராக நிற்கவிட்டு, பிறகு பாட்டின் காலப்பிரமாணத்தோடு ஒத்த அளவில் ஆட்டுங்கள். பதற்றமான நடுக்கம் கேட்பவரையும் பதற வைக்கும்.

தாளம்

ஸ்வரம் தேடுவதில் மூழ்கியவர்கள் தாளத்தை மறந்து, எல்லாவற்றையும் சம அளவு ஸ்வரங்களாகக் கொட்டுகிறார்கள். இதற்கு மருந்தாக நான்கு சுற்றுக்கு ஒரே ஸ்வரத்தை, முதல் தந்தி 5-இல் உள்ள ஏ-யை மட்டும் வைத்து வாசியுங்கள். மாற்றுவதற்கு நீளமும் இடைவெளியும் அழுத்தமும் மட்டுமே இருக்கும். யோசனை வற்றிவிட்டால் வெளியே போகத் தேவையில்லை; இந்த ஊரில் தைப்பூசத்துக்கு உருமி மேளம் கேட்காமல் வளர்ந்தவர் யார்? அந்தத் தட்டுகளில் நினைவிலிருக்கும் ஒன்றை வாயால் சொல்லி, அதே அடியை ஏ-யில் மீட்டுங்கள். ஆங்கில முறைப்படி கற்றவர்களிடம் இல்லாத ஒரு சொத்து அது.

இன்னொன்று, மிருதங்கக்காரர்களிடமிருந்து. இரண்டு பாரில் அரைத் தட்டுகள் 16. நான்கு ஸ்வரப் பிடியை வாசித்து, இரண்டு அரைத் தட்டு விட்டு, அதே பிடியை மறுபடி வாசித்து, இரண்டு விட்டு, மூன்றாம் முறையும் வாசித்தால் 4, 2, 4, 2, 4 ஆகச் சரியாக 16. அடுத்த பாரின் முதல் தட்டில் கார்டின் ஸ்வரத்தில் இறங்குங்கள். மூன்று முறை சொல்லி முடிப்பது நம் காதுக்கு ஊறிப்போனது என்பதால், திருமண மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்கூட அந்த இடத்தில் தலை நிமிர்வார்கள். ஒரு நிகழ்ச்சியில் ஒரு முறைக்கு மேல் இதைச் செய்ய வேண்டாம்.

கேட்டு எடுப்பது

உங்களுக்குப் பிடித்த லீட் வாசிப்பில் நான்கு பாரை மட்டும், எழுதி வைத்த குறிப்பைப் பார்க்காமல், காதால் எடுங்கள். வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் வசதி இப்போது கைப்பேசியிலேயே இருக்கிறது. முதலில் பாட வர வேண்டும், பிறகுதான் கிட்டார். எடுத்து முடித்ததும், அந்த நான்கு பாரில் ஒவ்வொரு கார்டின்மேலும் அவர் எந்த ஸ்வரத்தில் இறங்கினார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கிட்டாரோடு நிற்க வேண்டாம். பழைய தமிழ்த் திரைப்பாடல்களின் இடையிசையில் வரும் வயலின், புல்லாங்குழல் பகுதிகள் மூச்சு விட்டு வாசிக்கப்பட்டவை. அவற்றைத் தந்தியில் கொண்டுவரும்போது விரல் தன் வழக்கமான பாதையை விட்டு விலகியே ஆக வேண்டும். மேற்கத்திய மின்கருவியில் நம் கமகங்களை எப்படிக் கொண்டுவரலாம் என்று கேட்க விரும்புவோர் மேண்டலின் உ. ஸ்ரீநிவாஸின் கச்சேரிப் பதிவுகளைக் கேளுங்கள்.

ஆறு இடங்கள் அலுத்துப்போகும்போது, அதாவது ஒன்றரை மாதத்திற்குப் பிறகு, மேலே ஒரு சிறு வீடு கட்டிக்கொள்ளலாம். இரண்டாம் தந்தி 10-ஆம் ஃப்ரெட்டில் ஏ இருக்கிறது. அங்கே ஆட்காட்டி விரலை வைத்தால் மூன்றாம் தந்தி 9-இல் ஈ, முதல் தந்தி 10-இல் டி. ஏ-யைச் சுற்றியுள்ள இந்தச் சின்ன இடத்தில் பி. பி. கிங் ஓயாமல் வாசித்ததால் கிட்டார்க்காரர்கள் இதை அவர் பெயராலேயே பி. பி. பாக்ஸ் என்கிறார்கள். கீழ் வீட்டிலிருந்து மேல் வீட்டுக்கு இரண்டாம் தந்தியில் 8-லிருந்து 10-க்கு வழுக்கி ஏறுங்கள்.

நாளைக்கு அரை மணி நேரம் போதும். தோட்டத்து வேலைக்கு விடியுமுன் எழுந்து போகிறவர்கள் பக்கத்து வீட்டில் இருப்பார்கள் என்பதால் இரவு பத்துக்கு மேல் ஹெட்போனில் வாசியுங்கள். வாரத்திற்கு ஒரு முறை இரண்டு நிமிடம் வாசித்துப் பதிவு செய்து, உடனே கேட்காமல் மறுநாள் கேளுங்கள். உடனே கேட்டால் விரல் பட்ட பாடு நினைவிருந்து காதை ஏமாற்றும். கேட்கும்போது ஒரு தாளில் இரண்டு கோடு மட்டும் போடுங்கள்: இறங்கிய பிடிகளுக்கு ஒரு பக்கம், எங்கோ காணாமல் போனவற்றுக்கு மறுபக்கம்.

மேடையில் எட்டு பார் கிடைக்கும் நாளில் முதல் இரண்டு பாரைக் கிட்டத்தட்டக் காலியாக விடுங்கள். ஒரு நீண்ட ஸ்வரமும் அதற்கொரு பதிலும் போதும். நடுவில் நான்கு பாரை உங்கள் விருப்பம் போல் நிரப்பிக்கொள்ளுங்கள். ஏழாம் பாரில் பாடகரைப் பாருங்கள்; மைக்கைக் கையில் எடுத்திருப்பார். எட்டாம் பாரின் முதல் தட்டில் உங்கள் கடைசி ஸ்வரத்தில் இறங்கி, இரண்டு தட்டு ஒலிக்கவிட்டு, மூன்றாம் தட்டில் வலக்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் அருகே தந்திகள்மேல் வைத்து அடக்குங்கள். நான்காம் தட்டு அவருடைய மூச்சுக்கு.